இசை வகுப்பை எது காப்பாற்றும்?

பள்ளியில் இசை வகுப்பு வேண்டும் என்று கேட்கப் போகும் ஆசிரியர் பெரும்பாலும் இசையைப் பற்றிப் பேசுவதில்லை. "பாட்டு படித்தால் கணக்கு நன்றாக வரும்" என்றுதான் தொடங்குகிறார். கேட்கும் அதிகாரி தலையாட்டுகிறார். அன்றைய கூட்டம் நல்லபடியாக முடிகிறது. அமெரிக்காவில், அதிலும் கலிபோர்னியாவில், பள்ளி இசைக்கு ஆதரவு திரட்ட மக்கள் கையாண்ட வழிகளை எடைபோட்டுப் பார்த்தால், ஊரெல்லாம் சொல்லப்படும் இந்த வாதமே எல்லாவற்றிலும் பலவீனமானது என்று தெரிகிறது.

இந்த வாதத்துக்குப் பெரிய ஊக்கம் கொடுத்தது 1993-இல் வெளியான ஒரு சின்ன ஆய்வு. இர்வைன் நகரில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஃபிரான்சஸ் ராஷரும் உடன் பணியாற்றிய இருவரும் 36 கல்லூரி மாணவர்களைப் பத்து நிமிடம் மொஸார்ட் கேட்க வைத்தார்கள். மடித்து வெட்டிய காகிதத்தை விரித்தால் எப்படி இருக்கும் என்பது போன்ற புதிர்களில் அவர்கள் கொஞ்சம் கூடுதல் மதிப்பெண் பெற்றார்கள். கால் மணி நேரத்துக்குள் அந்தப் பலன் மறைந்துவிட்டது. அந்த ஆய்வில் குழந்தைகள் இல்லை, இசை கற்பித்தலும் இல்லை. ஆனாலும் 1998-இல் ஜார்ஜியா மாநில ஆளுநர் ஜெல் மில்லர், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் செவ்வியல் இசைத்தட்டு தருவதற்கு 1,05,000 டாலர் ஒதுக்கச் சொன்னார். அடுத்த ஆண்டே கிறிஸ்டோபர் சாப்ரிஸ், அதுவரை வந்திருந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, அந்தப் பலன் சொல்லிக்கொள்ளும் அளவுக்கு இல்லை என்று காட்டினார்.

இசையைக் கேட்பதால் இல்லாவிட்டாலும் கற்பதால் பலன் உண்டா என்பது நியாயமான அடுத்த கேள்வி. கிளென் ஷெல்லன்பர்க் 2004-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குக் கிடைத்த நல்ல சாட்சி. 144 ஆறு வயதுக் குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலருக்கு விசைப்பலகையும் சிலருக்குக் குரலிசையும் சிலருக்கு நாடகமும் ஓராண்டு கற்பித்தார். மீதிப் பேருக்கு எதுவும் இல்லை. எல்லாரின் நுண்ணறிவு ஈவும் உயர்ந்தது. இசைக் குழுவினருக்கு மற்றவர்களைவிடச் சராசரியாக மூன்று புள்ளிக்கும் குறைவாகவே கூடியது. பழகும் பண்பில் முன்னேறியது நாடகக் குழு. பின்னர் 2020-இல் ஜோவானி சாலாவும் ஃபெர்னான்ட் கோபேயும் 54 ஆய்வுகளை, ஏறத்தாழ 7,000 குழந்தைகளின் தரவுகளோடு தொகுத்தார்கள். ஆய்வு எந்த அளவுக்குக் கவனமாக வடிவமைக்கப்பட்டிருந்ததோ அந்த அளவுக்குப் பலன் பூஜ்யத்தை நெருங்கியது. அவர்களின் கணக்கிடும் முறைக்கு மறுப்புகளும் வந்திருக்கின்றன. வழக்கு முற்றாக முடிந்துவிடவில்லை. இருந்தாலும் ஒரு மாநிலத்தின் பள்ளிக் கொள்கையைத் தாங்கும் வலு இந்தச் சான்றுகளுக்கு இல்லை.

ஆள்வோரைச் சம்மதிக்க வைத்தால் போதாதா, சான்று ஏன் என்று கேட்கலாம். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. கணக்குக்காகத்தான் இசை என்றால், அந்த ஒரு மணி நேரத்தையும் கணக்குக்கே கொடுத்துவிடலாமே என்று எந்தத் தலைமையாசிரியரும் கேட்பார். அவர் கேட்பது நியாயம். தேர்வு நெருக்கடி வரும் முதல் ஆண்டிலேயே இந்த வாதம் இசை ஆசிரியருக்கு எதிராகத் திரும்பிவிடும்.

இதே தவற்றின் இன்னொரு வடிவம், இசை வறுமையையும் வன்முறையையும் போக்கும் என்பது. வெனிசுவேலாவில் ஹோசே அந்தோனியோ அப்ரேயு 1975-இல் தொடங்கிய 'எல் சிஸ்டெமா' என்ற இளைஞர் ஆர்கெஸ்ட்ரா திட்டம் உலகம் முழுவதும் இப்படித்தான் அறிமுகமானது. அதன் 16 மையங்களில் சுமார் 2,900 குழந்தைகளை வைத்துக் குலுக்கல் முறையில் ஓர் ஆய்வு நடந்தது. தன்னடக்கத்தில் சிறு முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் சேர விண்ணப்பித்த பிள்ளைகளில் ஏழைகள் 17 சதவீதத்துக்கும் குறைவு. அவர்கள் வாழும் மாநிலங்களில் அந்த விகிதம் 46 சதவீதத்துக்கும் மேல். ஏழைக் குழந்தைகளின் பெயரால் திரட்டப்பட்ட ஆதரவு அவர்களைப் போதுமான அளவு சென்றடையவில்லை என்பதே இதில் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

வாதத்தைவிடக் கச்சேரி வலியது என்பதற்குப் பழைய சாட்சி பாஸ்டன். 1837-இல் அந்நகரப் பள்ளிக் குழுவின் முன் வைக்கப்பட்ட அறிக்கையும் அறிவுக்கு நல்லது, ஒழுக்கத்துக்கு நல்லது, உடலுக்கு நல்லது என்றுதான் சொன்னது. கொள்கையளவில் சம்மதம் கிடைத்தது, பணம் கிடைக்கவில்லை. லோவல் மேசன் என்ற இசை ஆசிரியர் ஹாஸ் பள்ளியில் சம்பளமில்லாமல் கற்பித்தார். 1838 ஆகஸ்டில் அந்தப் பிள்ளைகள் ஊர் கூடிய அவையில் பாடினார்கள். அந்த மாதம் முடிவதற்குள் இசை, பாஸ்டன் பள்ளிகளின் பாடங்களில் ஒன்றானது. தம் பிள்ளை பாடுவதைக் கேட்ட பெற்றோருக்கு வேறு சான்று தேவைப்படவில்லை.

இந்த வழியின்மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் ஆசிரியரின் இலவச உழைப்பில் தொடங்கும் வகுப்பை அப்படியே நடத்திக்கொண்டு போகலாம் என்ற எண்ணம் நிர்வாகத்துக்கு எளிதில் வந்துவிடும். மேசனுக்குப் பதவி கிடைத்தது, எல்லாருக்கும் கிடைக்காது. ஆண்டுவிழா மேடையில் நிற்பவர்களும் பொறுக்கியெடுத்த பிள்ளைகள்தான். கைதட்டும் ஊர், ஐந்தாம் வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு வாரம் ஒரு மணி நேரமாவது இசை கிடைக்கிறதா என்று கேட்பதில்லை.

மேடைக்கு அடுத்த வழி நன்கொடை. 1978 ஜூனில் கலிபோர்னிய வாக்காளர்கள் 'முன்மொழிவு 13'-ஐ நிறைவேற்றிச் சொத்து வரியை மதிப்பீட்டில் ஒரு சதவீதத்தோடு நிறுத்தினார்கள். உள்ளூர்ச் சொத்து வரி வருவாய் பாதிக்கும் கீழே சரிந்தது. பள்ளிகள் செலவைக் குறைக்க நேர்ந்தபோது முதலில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களில் தொடக்கப் பள்ளி இசை ஆசிரியர்கள் இருந்தார்கள். வசதியான ஊர்களில் பெற்றோர் அறக்கட்டளைகள் அமைத்து, விருந்து வைத்தும் ஏலம் விட்டும் பணம் திரட்டித் தங்கள் பள்ளிக்கு இசை ஆசிரியரை வைத்துக்கொண்டார்கள். அந்தப் பெற்றோரின் அன்பில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் பொதுப் பள்ளிக்குள் ஒரு பாடம் பெற்றோரின் வருமானத்தைப் பொறுத்து அமைந்துவிட்டது. 2007-இல் எஸ்.ஆர்.ஐ. என்ற ஆய்வு நிறுவனம் ஆராய்ந்தபோது, இசை, நடனம், நாடகம், ஓவியம் நான்கையும் மாநிலம் வகுத்த தரத்தில் கற்பிக்காத பள்ளிகள் 89 சதவீதம். ஏழைப் பிள்ளைகள் மிகுந்த பள்ளிகளின் நிலை இன்னும் மோசம். அறக்கட்டளை இருந்த பள்ளியின் பெற்றோர் பிரச்சினை தீர்ந்தது என்று ஓய்ந்துவிட்டதால், மாநிலத்தை நெருக்கியிருக்கக்கூடிய குரல்களும் அடங்கின. நன்கொடை வழியின் உண்மையான நட்டம் இதுதான் என்பேன்.

பெர்க்லி நகரம் 1986-இல் வேறு வழியை எடுத்தது. பள்ளிகளுக்கென்று தனி வரிக்குச் சம்மதம் கேட்டு வாக்கெடுப்பு நடத்தி, பணம் திரட்டியது. அதில் இசை வகுப்புகளுக்கும் பங்கு கிடைத்தது. பிள்ளை எந்தத் தெருவில் இருந்து வந்தாலும் வாத்தியம் கிடைக்கும் என்பதால் இது அறக்கட்டளையைவிட மேல். ஆனால் இப்படிப்பட்ட வரிக்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். எல்லா ஊரிலும் அது கிடைக்காது.

ஆகவே 2022 நவம்பரில் வந்த 'முன்மொழிவு 28' எனக்குப் பெரிய திருப்பமாகத் தெரிகிறது. லாஸ் ஏஞ்சலிஸ் பள்ளி மாவட்டத்தின் முன்னாள் கண்காணிப்பாளர் ஆஸ்டின் பியூட்னர் இதை முன்னெடுத்தார். ஏறத்தாழ ஐந்தில் ஒரு பள்ளியில்தான் முழுநேரக் கலை அல்லது இசை ஆசிரியர் இருக்கிறார் என்பது பிரசாரத்தின் முழக்கம். 64 சதவீத வாக்காளர்கள் ஆதரித்தார்கள். வரியைக் கூட்டாமல், மாநிலம் பள்ளிகளுக்குத் தரவேண்டிய உறுதித் தொகையின் ஒரு சதவீத அளவுக்கு ஆண்டுதோறும் கூடுதலாகக் கலைக்கு ஒதுக்குகிறது இந்தச் சட்டம். முதல் ஆண்டில் 93.8 கோடி டாலர்.

பணத்தின் அளவைவிட, சட்டம் எழுதப்பட்ட விதமே கவனிக்கத்தக்கது. தொகையில் 70 சதவீதம் மாணவர் எண்ணிக்கைப்படியும், 30 சதவீதம் ஏழை மாணவர் எண்ணிக்கைப்படியும் பிரிகிறது. 500 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் மாவட்டங்கள் குறைந்தது 80 சதவீதத்தை ஆள் நியமிக்கச் செலவிட வேண்டும். நிர்வாகத்துக்கு ஒரு சதவீதம்தான். ஏற்கெனவே செய்துகொண்டிருந்த செலவுக்கு இந்தப் பணத்தை மாற்றிப்போடக் கூடாது. வாத்தியங்களை வாங்கி அலமாரியில் பூட்டிவைக்கும் வழக்கம் பள்ளி நிர்வாகத்தில் எவ்வளவு எளிதாக வந்துவிடும் என்று அறிந்தவர்கள் எழுதிய விதி இது. முதலில் ஆசிரியர் வேண்டும்; கிளாரினெட் பிறகு வரட்டும்.

குறையும் பெரிதுதான். பணத்தை மாற்றிப்போட்டதாக 2025 பிப்ரவரியில் பியூட்னரும் சில பெற்றோர்களும் மாணவர்களும் லாஸ் ஏஞ்சலிஸ் பள்ளி மாவட்டத்தின் மீதே வழக்குத் தொடுத்தார்கள். மாவட்டம் குற்றச்சாட்டை மறுத்தது. தீர்ப்பு எப்படி வந்தாலும் ஒன்று தெளிவு: ஏற்கெனவே எவ்வளவு செலவானது என்பதைப் பள்ளிவாரியாக வெளியில் உள்ளவர் சரிபார்ப்பது மிகக் கடினம். நிர்வாகத்துக்கு ஒரு சதவீதம் என்ற சிக்கனம் நல்ல எண்ணத்தில் வைக்கப்பட்டது. ஆனால் மேற்பார்வைக்கு ஆளில்லாமல் செய்ததில் அதற்கும் பங்கு உண்டு.

இவ்வளவையும் எடைபோட்டு நான் வரும் முடிவு இது. மூளை வளரும் என்ற வாதத்தை ஆசிரியர்கள் கைவிட வேண்டும். இசையைக் கேட்கவும் பாடவும் படிக்கவும் தெரிவது கல்வியின் ஒரு பகுதி, ஆகவே அது எல்லாப் பிள்ளைக்கும் உரியது என்று நேராகக் கேட்பது கடினம்தான். ஆனால் அடுத்த ஆய்வு வந்து கவிழ்த்துவிட முடியாத வாதம் அது. பள்ளி நிகழ்ச்சிகள் தொடர வேண்டும். பொறுக்கியெடுத்த பிள்ளைகள் மேடையேறும் முன் ஒரு முழு வகுப்பு பாட வேண்டும். அறக்கட்டளைகள் வாத்தியத்துக்கும் பழுதுபார்ப்புக்கும் பணம் தரட்டும், ஆசிரியர் சம்பளத்தை அரசிடமே விட்டுவிடட்டும். எல்லாவற்றுக்கும் மேலாகச் சட்டம் வேண்டும், 'முன்மொழிவு 28' போல ஆள் நியமனத்தைக் கட்டாயமாக்கும் சட்டம்.

சட்டம் வந்த பிறகு பெற்றோர் சங்கம் பார்க்க வேண்டிய காகிதம் ஒன்று உண்டு. சட்டத்துக்கு முந்தைய ஆண்டில் அந்தப் பள்ளியில் எத்தனை இசை ஆசிரியர்கள் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் கற்பித்தார்கள், இந்த ஆண்டு எத்தனை பேர், எத்தனை மணி நேரம் என்ற கணக்கு அது. பள்ளி வாரியக் கூட்டத்தில் பொதுமக்கள் பேசுவதற்குத் தரும் சில நிமிடங்கள் அதைக் கேட்கப் போதும். பதில் எழுத்தில் வரும்வரை அடுத்தடுத்த கூட்டத்திலும் கேட்க வேண்டும்.