துணுக்குக்குப் பொறுப்பாளி யார்?

இலக்கியக் கூட்டங்களில் இப்போது அடிக்கடி காதில் விழும் புலம்பல் ஒன்று உண்டு: துணுக்குதான் தமிழ் வாசகனைக் கெடுத்தது. கல்கண்டு வார இதழில் பிடித்த நோய், நாள்காட்டித் தாளின் பின்பக்கம் வழியே பரவி, வாட்ஸப்பில் முற்றிவிட்டதாம். மேடையில் கைதட்டு வாங்கும் பேச்சுதான். பழைய ஏடுகளைப் புரட்டினால் நிற்காது.

பழைய சொற்பொருள் நூலான சூடாமணி நிகண்டின் பன்னிரண்டாம் தொகுதி என்ன? இருசுடர், முக்குணம், ஐம்பூதம் என்று எண்வாரியாக அடுக்கிய பொது அறிவு. திண்ணைப் பள்ளிப் பையன்கள் அதை ஒப்பித்தார்கள். அதனால் தமிழ்ப் புலமை பாழாய்ப் போனதாக யாரும் சொன்னதில்லை. அங்கிருந்து ஒரே தாவலாக வரலாம்: 1732-இல் வீரமாமுனிவரின் சதுரகராதி, 1902-இல் யாழ்ப்பாணத்து முத்துத்தம்பிப் பிள்ளையின் அபிதான கோசம், 1910-இல் ஆ. சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணி. ஆயிரம் பக்கத்தை எட்டும் நூலைத் தனி ஆளாகத் தொகுத்துவிட்டு, அச்சேற்ற ஆளில்லாமல் அலைந்தார் முதலியார். கைகொடுத்தவர் பாண்டித்துரைத் தேவர். புராணமும் வைத்தியமும் அதில் அடுத்தடுத்து வரும். பிழையும் உண்டு. ஆனால் பிழைக்கு யாரைக் கேட்பது என்ற சந்தேகம் கிடையாது.

உண்மையான வசந்தம் 1947-ஐ ஒட்டி வந்தது. தி.ஜ.ர.வின் மஞ்சரி இதழ், தமிழ்வாணனின் கல்கண்டு, தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் கலைக்களஞ்சியத் திட்டம் எல்லாம் ஓரிரு ஆண்டுக்குள் முளைத்தவை. விடுதலை வந்துவிட்டது, தமிழில் எதையும் சொல்ல முடியும் என்று காட்டியாக வேண்டிய நேரம். தமிழ்வாணன் என்றாலே நம் விமர்சகர்களுக்கு ஓர் இளக்காரம். தொப்பி, கறுப்புக் கண்ணாடி, அவர் கதைகளின் துப்பறிவாளர் சங்கர்லால், தேநீர், அதற்குமேல் யோசிப்பதில்லை. பாடப்புத்தகம் தவிர வேறு அச்சையே பார்த்திராத பையனை வாரம் தவறாமல் ஒரு பத்திரிகைக்காகக் காத்திருக்க வைத்தது சின்ன வேலையா? அவர் துணுக்கு தட்டையாக இருக்கலாம், சில சமயம் அலட்டலாகவும் இருக்கலாம். ஆனால் அதற்கு ஓர் ஆசிரியர் இருந்தார். கேள்வி எழுதிப் போட்டால் பதில் வந்தது.

அதே காலத்தில் மறுகோடியில் உட்கார்ந்திருந்தவர் பெரியசாமித் தூரன். சபாக்களில் அவர் கீர்த்தனைகளைப் பாடுகிறார்கள், நல்லது. அவர் முதன்மைப் பதிப்பாசிரியராக இருந்து 1954 முதல் 1968 வரை கொண்டுவந்த பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியத்தை எத்தனை ரசிகர்கள் திறந்து பார்த்திருப்பார்கள்? நூற்றுக்கணக்கான நிபுணர்களிடம் கட்டுரை கேட்டு வாங்கி, கலைச்சொல்லுக்குத் தடுமாறி, கடைசியில் படிக்கக்கூடிய தமிழில் தந்த வேலை அது. முடித்த கையோடு குழந்தைகளுக்கென்று இன்னொரு பத்துத் தொகுதி. 1917-இலேயே அறிவியலைத் தமிழில் எழுதத் தொடங்கிய வழக்கறிஞர் பெ.நா. அப்புசாமியையும் இந்த வரிசையில் சேர்க்க வேண்டும். நம் இலக்கிய வரலாறுகள் இவர்களுக்கு ஒரு பத்தி ஒதுக்குவதே பெரிய தாராளம்.

சரிவு பிறகுதான். போட்டித் தேர்வுக் கையேடுகள் அறிவை ஒரு வரிக் கேள்வி, ஒரு சொல் விடை என்று நறுக்கின. ஏன், எப்படி என்ற பேச்சே கிடையாது. சுஜாதா ஜூனியர் விகடனில் 'ஏன்? எதற்கு? எப்படி?' என்று தலைப்பு வைத்தது இந்தப் பின்னணியில் கிட்டத்தட்ட ஒரு கண்டனம்.

இன்று வாட்ஸப்பில் சுற்றும் துணுக்கு ஒன்றைப் பார்ப்போம். காளஹஸ்தி, காஞ்சிபுரம், சிதம்பரம் மூன்று கோயில்களும் ஒரே தீர்க்கரேகையில் இருக்கின்றன. சிதம்பரம் உலகக் காந்தப்புல நடுக்கோட்டின் மையம். முதல் பாதி ஏறக்குறைய சரி, மூன்றும் கிழக்கு 79.7 பாகையை ஒட்டியவை. இரண்டாம் பாதி சுத்தக் கதை. காந்த நடுக்கோடு பூமியைச் சுற்றி ஓடும் வளைகோடு. அதற்கு ஏது மையம்? இந்தியாவில் அது தென்கோடி வழியாகப் போகிறது. அந்தக் கோட்டுக்கு மேலே, ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் உயரத்தில் வானில் ஓடும் மின்னோட்டத்தை ஆராயத்தான் திருவனந்தபுரம் அருகே தும்பா என்ற மீனவர் கிராமத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். 1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது. இதைவிடச் சுவையான துணுக்கு வேண்டுமா? ஆனால் இதை எழுத ஒருவர் படித்திருக்க வேண்டும். மற்றதை அனுப்ப விரல் போதும்.

ஆகவே குற்றவாளி துணுக்கின் நீளம் இல்லை, அதன் அநாமதேயம். 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவின் முகப்பில் 'உங்களுக்குத் தெரியுமா?' என்று இரண்டு வரிச் செய்திகள் வருகின்றன. நடை சிலசமயம் அரசாணை மாதிரி இருக்கும். இருந்தாலும் அந்த வரியைத் தொட்டால் முழுக் கட்டுரை திறக்கிறது. அதை யார், எப்போது திருத்தினார்கள் என்பதும் தெரிகிறது. சிற்றிதழ்கள் இந்த ஒழுங்கைக் கடன் வாங்கலாம். துணுக்கைத் திட்டித் தலையங்கம் எழுதும் இடத்தில், தூரனின் கலைக்களஞ்சியத்திலிருந்து இதழுக்கு நான்கு துணுக்கு, தொகுதி எண், பக்க எண், எடுத்து எழுதியவர் பெயரோடு போடட்டும். இடம் இல்லை என்றால், நூல் வெளியீட்டு விழாப் புகைப்படங்களில் ஒன்றைக் குறைத்துக்கொள்ளலாம்.