செல்லப்பாவைப் பிடித்தவர்களுக்கு

‘காதலிக்க நேரமில்லை’ (1964) படத்தில் நாகேஷ் நடித்த செல்லப்பா மேல் எனக்குத் தீராத பிரியம். கையில் காசில்லை, எடுத்த படமும் இல்லை. ‘ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்’ மட்டும் இருக்கிறது. அப்பா பாலையாவை உட்காரவைத்துப் பேய்க்கதை சொல்வாரே, அதைக் கவனியுங்கள். காற்றும் கதவும் நாகேஷின் வாயிலிருந்தே வரும். பாலையாவின் முகத்தில் பயம் படிப்படியாக ஏறும். கேட்பவர்தான் அந்தக் காட்சியைத் தூக்கி நிறுத்துகிறார் என்பேன்.

அடுத்து ‘திருவிளையாடல்’ (1965) தருமி. பரிசு ஆசையும் பயமும் ஒரே உடம்பில் மல்லுக்கட்டும். தனியே புலம்பும்போது நமக்கே தொண்டை அடைக்கும். ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) வைத்தி வேறு ரகம், சிரிப்பிலேயே விஷம். ‘மைக்கேல் மதன காமராஜன்’ (1990) படத்தில் வரும் அவிநாசியையும் விட்டுவிடாதீர்கள். ஒருவரைத்தான் பார்க்க நேரமுண்டு என்றால், தருமியைப் பாருங்கள்.