கவுன்டருக்கு உள்ளே

வெனிசுவேலாவின் சுகேபான் கேம்ஸ் 2016இல் வெளியிட்ட ‘வல்ஹல்லா’ என்ற கணினி விளையாட்டைப் பாராட்டிய மதிப்புரைகளும் குறைசொன்னவையும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுந்திருக்கின்றன. வருங்கால நகரமொன்றின் மதுக்கூடத்தில் ஜில் என்கிற பெண் மது கலந்து கொடுக்கிறாள், வருகிறவர்கள் பேசுகிறார்கள். ஆடுகிற நாம்தான் ஜில். ஆனால் அவள் என்ன பேசவேண்டும் என்று நாம் தேர்ந்தெடுக்க முடியாது. எதை, எவ்வளவு கலப்பது என்பது மட்டும் நம் கையில். பாராட்டியவர்கள் உரையாடலின் இதத்தில் கிறங்கினார்கள். மற்றவர்கள் ‘இதுல ஆடுறதுக்கு என்ன இருக்கு?’ என்றார்கள். அந்த இல்லாமைதான் பிரதியின் அரசியல். ஜில் வாடகை கட்டியாகணும். மாற்றிக் கலந்தால் கூலி போச்சு. குடிக்கிறவன் மனம்விட்டுப் பேசுகிறான். ஊற்றுகிறவளுக்கு அதைக் கேட்பதும் வேலைதான்.

தென்காசியில் உட்கார்ந்து இதை ஆடினால் குற்றாலம் ஞாபகம் வராமல் இருக்குமா? சீசனில் அங்கே கூடிய இலக்கியக் கூட்டங்களைப் பற்றி நம்மாட்கள் எழுதிய நினைவுக்குறிப்புகளில் (நானும் ரசித்துப் படித்தவைதான்) குடித்தவர் பெயரெல்லாம் உண்டு, கிளாஸ் கழுவிய பையனுக்குப் பெயரில்லை. 2003இல் சில்லறை விற்பனை டாஸ்மாக்கிடம் வந்த பிறகு, கம்பிக்குப் பின்னாலிருந்து பாட்டில் நீட்டுகிற கை மட்டுமே தெரிந்தது. தொகுப்பூதியத்துக்கு எடுக்கப்பட்ட கை அது. மதுவிலக்கு பற்றிய நம் கட்டுரைகளில் குடிகாரன் வருகிறான், அவன் பெண்டாட்டி வருகிறாள், அரசு வருமானமும் வந்துவிடுகிறது. இவனைக் காணோம். நான் படித்த வல்ஹல்லா மதிப்புரைகளிலும் ஜில்லின் வாடிக்கையாளர்களைப் பற்றிப் பத்தி பத்தியாக இருக்கிறது, அவள் வாடகைக்கு ஒரு வரி.