உமிச் சாம்பலில் நிக்கல்

மன்னார்குடி வட்டாரத்தில் நிலக்கரிப் படுகையிலிருந்து மீத்தேன் எடுக்க 2010-இல் ஒப்பந்தமானது. அதை எதிர்த்து ஊர் ஊராகப் போன இயற்கை வேளாண் விஞ்ஞானி நம்மாழ்வார் 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டை அருகே அத்திவெட்டியில் காலமானார். காவிரி டெல்டாவுக்கு 2020-இல் வந்த வேளாண் மண்டலச் சட்டம் புதிய எரிவாயுக் கிணறுகளுக்குத் தடை போட்டது. ஆனால் அதே வயலில் சம்பாவுக்கு மேலுரமாக விழும் யூரியா? அதைத் தயாரிக்கும் தூத்துக்குடி ஸ்பிக்கும் மணலி உர ஆலையும் நாப்தாவை விட்டு இயற்கை எரிவாயுவுக்கு, அதாவது மீத்தேனுக்கு, மாறிவிட்டன.

மீத்தேனிலிருந்து யூரியாவுக்கான ஹைட்ரஜனை எடுக்கும் அந்த ஆலைகளில் நடுநாயகம் நிக்கல் வினையூக்கி. 800 டிகிரி செல்சியஸுக்கு மேல் மீத்தேனும் நீராவியும் அதன்மீது பட்டால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கலந்த தொகுப்பு வாயு பிறக்கும். நிக்கல் மலிவு, அலுமினா போன்ற உறுதியான தாங்கியில் ஏற்றினால் ஆண்டுக்கணக்கில் உழைக்கும். அதன் எமன் கரி. உடைந்த மீத்தேனின் கார்பன் நிக்கலுக்குள் கரைந்து, மறுபக்கம் இழையாக வளர்ந்து, உலோகத் துகளையே தாங்கியிலிருந்து பெயர்த்துவிடும். ரோடியமும் ருத்தேனியமும் கரிக்கு அஞ்சுவதில்லை. அவற்றின் விலைக்குத்தான் ஆலைகள் அஞ்சுகின்றன.

நெல் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உமி. உமி எரிந்தால் அதிலும் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல். சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. அரவை ஆலைகளின் பின்புறம் குவியும் இதையே நிக்கலுக்குத் தாங்கியாக்கலாமே என்று பல நாட்டு ஆய்வகங்கள் முயன்றிருக்கின்றன. உமியை அமிலத்தில் கழுவிப் பொட்டாசியத்தை நீக்கி, அளவான சூட்டில் எரித்தால் நுண்துளைகள் நிறைந்த நல்ல சிலிக்கா கிடைக்கிறது. கொதிகலனில் கண்டபடி எரிந்த கறுப்புச் சாம்பல் அதற்கு ஈடாகாது. 'கழிவிலிருந்து செல்வம்' என்று புகழும்போது அமிலத்தின் செலவும், கழுவிய நீர் எந்த வாய்க்காலில் கலக்கும் என்ற கேள்வியும் கணக்கில் ஏறுவதில்லை.

இதைவிடப் பெரிய சிக்கல் சிலிக்காவின் குணம். அது நிக்கலை இறுகப் பற்றாது. சூட்டில் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பருக்கும். பருத்த துகளில் கரி எளிதாக வளரும். உயர் அழுத்த நீராவியில் சிலிக்காவே ஆவியாகக் கிளம்பி, பின்னாலுள்ள குளிர்ந்த குழாய்களில் படியும். எனவே உர ஆலைக்கு உமி ஆகாது.

நீராவிக்குப் பதிலாகக் கரியமில வாயுவைச் சேர்க்கும் முறையில் உமிக்கு ஓர் இடம் உண்டு. சாண எரிவாயுவில் மீத்தேனும் கரியமில வாயுவும் சேர்ந்தே இருப்பதால் டெல்டாவுக்கும் அது பொருத்தம். ஆனால் கரித் தொல்லை இங்கேதான் அதிகம். சீரியம் ஆக்சைடைச் சிறிது சேர்த்தால், அது தன் ஆக்சிஜனைக் கொடுத்துக் கரியை ஓரளவு எரிக்கும்.

சோதிக்கும் வழக்கத்திலும் கோளாறு இருக்கிறது. வினையூக்கியைத் தேவைக்கு மேல் நிரப்பி ஓட்டினால், அதில் பாதி செத்த பிறகும் மீத்தேன் மாற்றம் வேதிச் சமநிலை அளவிலேயே நிற்கும். வரைபடம் அழகாகத்தான் இருக்கும். சமநிலைக்கு வெகு கீழே ஓட்டினால்தான் சரிவு தெரியும். பல சோதனைகளில் நுழைவது சுத்தமான சிலிண்டர் வாயு. சாண வாயுவோ நிக்கலுக்கு நஞ்சான ஹைட்ரஜன் சல்பைடோடு வருகிறது. தஞ்சாவூரில் யாராவது ஒரு சாணக் கலத்து வாயுவை இரும்பு ஆக்சைடு வழியே விட்டுக் கந்தகம் நீக்கி, உமித் தாங்கியில் சில நூறு மணி நேரம் ஓட்டி, கடைசியில் படிந்த கரியின் எடையையும் மறைக்காமல் வெளியிடட்டும். அலுமினாவோடு ஒப்பிடுவதை அதன்பின் வைத்துக்கொள்ளலாம்.