வழியும் வாசலும்

யாத்திரை போகிறவர்களுக்கென்று அச்சாகும் சிறு புத்தகங்களை நான் விரும்பிப் படிப்பவன். இலக்கியம் என்று அவற்றை யாரும் கொண்டாடுவதில்லை. எந்த ரயிலில் ஏறுவது, எந்தச் சத்திரத்தில் தங்குவது, நடை எப்போது திறக்கும், எப்போது சாத்தும் என்பதற்கு மேல் அவற்றில் ஒன்றும் இராது. ஆனாலும் அவற்றை எழுதுகிறவர்கள் எல்லாருக்கும் பொதுவான ஒரு சித்தாந்தம் உண்டு. வழி என்பது தொல்லை. அதை எவ்வளவு சீக்கிரம் கடந்துவிடுகிறோமோ அவ்வளவுக்கு யாத்திரை வெற்றி. இப்போது கைப்பேசியிலேயே தரிசன நேரத்தைப் பதிவு செய்துகொள்ள முடிகிறது. கருவி மாறிற்றே தவிர, சித்தாந்தம் மாறவில்லை.

அந்தச் சித்தாந்தம் செல்லுபடியாகாத ஊர் ஒன்று உண்டு. அது பண்டரிபுரம்.

போய்ச் சேருவது கடினமில்லை. சென்னையிலிருந்து மும்பை போகும் ரயிலில் சோலாப்பூரில் இறங்கினால் அங்கிருந்து சுமார் 70 கிலோமீட்டர். காலையில் இறங்கி, விட்டலனின் பாதத்தில் தலை வைத்து வணங்கி, சந்திரபாகையில் கால் நனைத்துவிட்டு இரவு ரயிலைப் பிடித்துவிடலாம். அப்படிப் போய் வருகிறவர்களை நான் குறை கூறவில்லை. ஆனால் அவர்கள் பார்த்தது கோயிலை, பண்டரிபுரத்தை அல்ல.

நம் ஊர்த் திருவிழாவில் சுவாமி புறப்பாடாகி பக்தனுடைய தெருவுக்கு வருகிறார். அங்கே புறப்படுகிறவர்கள் மகான்கள். ஆளந்தியிலிருந்து ஞானேசுவரரின் பாதுகைகளும், தேஹுவிலிருந்து துகாராமின் பாதுகைகளும் பல்லக்கேறி, சயன ஏகாதசிக்கு விட்டலனைப் பார்க்க வருகின்றன. ஆளந்தியிலிருந்து ஏறக்குறைய 250 கிலோமீட்டர். மூன்று வாரத்துக்குச் சற்றுக் குறைவான நடை. கூட வருகிறவர்கள் திண்டி என்ற கோஷ்டிகளாகப் பிரிந்து, ஞானேசுவரரின் ரதத்துக்கு முன்னும் பின்னும் அவரவர் வரிசையில் தாளமும் மிருதங்கமுமாகப் பாடிக்கொண்டே நடக்கிறார்கள். துளசி மாடத்தைத் தலையில் சுமந்து பெண்கள் வருகிறார்கள். இதற்குப் பெயர் வாரி, நடக்கிறவர் வார்கரி. ஆக, அங்கே வழிதான் க்ஷேத்திரம். ஊர் அதன் கடைசி மைல்.

இதற்குப் புறப்பட எண்ணும் தமிழ் வாசகர் மூட்டை கட்டுவதற்கு முன் எதைப் படிக்கலாம் என்பதுதான் நான் இங்கே சொல்ல வந்தது.

நமக்கு முதலில் கிடைப்பது பக்த விஜயம். மஹீபதி மராத்தியில் 1762-ல் முடித்த நூல். தமிழ் வசனமாக வந்து எத்தனையோ வீடுகளில் ராமாயணத்துக்குப் பக்கத்தில் இடம் பிடித்தது. நாமதேவரும் துகாராமும் நமக்கு அயலார் இல்லை என்றால் அதற்கு இந்தப் புத்தகமும் பஜனை மடங்களுமே காரணம். கதை சொல்லும் வேகத்தில் இதற்கு ஈடு சொல்வது கடினம். ஆனால் ஒரு கதாசிரியன் என்ற முறையில் எனக்கு இதனோடு ஒரு வழக்கு உண்டு. துன்பம் தாங்க முடியாத கட்டத்தை எட்டும்போதெல்லாம் பகவான் பிரத்தியட்சமாகிவிடுகிறார். பக்தனின் கண்ணீர் துடைக்கப்படுகிறது. அவனை அழ வைத்தவர்கள் என்ன ஆனார்கள், மறுநாளும் அதே தெருவில் அவன் எப்படி நடந்தான் என்று கேட்க நமக்கு மறந்துபோகிறது. அற்புதம் பெரிய ஆறுதல்தான். ஆனால் அது கேள்வியையும் சேர்த்து அடித்துக்கொண்டு போய்விடுகிறது.

இரண்டாவது புத்தகம் இதற்கு நேர் எதிர்த் திசையில் நிற்கிறது. தி. பா. மொகாஷி மராத்தியில் நல்ல பெயர் பெற்ற நாவலாசிரியர். புனேயில் ரேடியோ பழுது பார்த்துப் பிழைத்தவர். 1961-ல் அவர் ஞானேசுவரர் பல்லக்கோடு நடந்தார். ‘பால்கி’ என்ற அவர் புத்தகம் 1964-ல் வந்தது. 1987-ல் ஆங்கிலத்திலும் வெளியாயிற்று. பூரண நம்பிக்கையோடு போனவர் அல்ல அவர்; கேலி செய்யப் போனவரும் அல்ல. கூட நடக்கிறவர்களை நீ யார், எந்த ஊர், ஏன் வருகிறாய் என்று விசாரித்துக்கொண்டே போகிறார். சில இடங்களில் குறிப்பேடு கதாசிரியனை மிஞ்சிவிடுகிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனாலும் புனேயை விட்டு திவே மலைப்பாதை ஏறி ஸாஸ்வட் போகும் நெடிய நடையை, காலில் கொப்புளம் கண்ட ஒருவர் சொல்லித்தான் கேட்க வேண்டும். பக்தி என்பது கண்களை மூடிக்கொண்டு செய்வது மட்டும் அல்ல, அதற்குச் சோறும் கூடாரமும் மூட்டை ஏற்றிப் போக லாரியும் வேண்டும் என்பது இதில் தெரிகிறது. பக்த விஜயம் படித்தவர் இதையும் படித்தால் கால் தரையில் பாவும்.

மூன்றாவது, புத்தகம்கூட அல்ல, ஒரு கட்டுரை. என் மதிப்பில் மூன்றிலும் பெரியது அதுதான். எழுதியவர் இராவதி கார்வே. பர்மாவில் 1905-ல் பிறந்து, புனே டெக்கான் கல்லூரியில் மானிடவியல் ஆராய்ந்தவர். மகாபாரதப் பாத்திரங்களைப் பற்றிய ‘யுகாந்த’ நூலுக்காக சாகித்திய அகாதெமி பரிசு பெற்றவர். அவர் வாரியில் நடந்த அனுபவத்தை மராத்தியில் எழுதினார்; 1962-ல் அது ஆங்கிலத்திலும் வந்தது.

அவர் சேர்ந்த திண்டியில் பிராமணர்களும் இருந்தார்கள், மராத்தாக்களும் இருந்தார்கள். பகலெல்லாம் ஒரே பாட்டு, ஒரே பாதை. சாப்பாட்டு வேளை வந்ததும் இரண்டு பந்தி. ஒரே திண்டி தினமும் இப்படி இரண்டாகப் பிளப்பது அவரை வருத்துகிறது. ஒரு நாள் மராத்தாப் பெண்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிடுகிறார். அதற்குப் பிறகு அவர்கள் நெருங்கி வருகிறார்கள்; கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள்; வீட்டுக் கதைகளைச் சொல்கிறார்கள்; அக்கா என்று அழைக்கிறார்கள். புனேயில் உங்கள் வீட்டுக்கு வருவோம் என்கிறார்கள். அப்போது ஒரு சின்னப் பெண் கேட்கிறாள்: அங்கேயும் எங்களிடம் இப்படியே இருப்பீர்களா?

அந்தக் கேள்வி தைத்துவிட்டது என்கிறார் கார்வே. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அருகருகே வாழ்ந்தும் ஒருவருக்கு ஒருவர் சொந்தமாகவில்லையே என்று அவர் மனம் நோகிறது. கதை எழுதுகிறவன் எவனாவது இப்படி ஒரு வாக்கியத்தைக் கற்பித்துப் பாத்திரத்தின் வாயில் வைத்திருந்தால், செயற்கை என்று நாம் தள்ளியிருப்போம். நடந்ததை நடந்தபடி சொன்னதால் அது நிற்கிறது. பகவானை வரவழைத்து அந்தப் பெண்ணைச் சமாதானப்படுத்த கார்வே முயலவில்லை. எல்லாரும் சேர்ந்து பாடினோம், ஒன்றாகிவிட்டோம் என்று அவர் முடித்திருக்கலாம். கேட்க இனிமையாகவும் இருந்திருக்கும். அதைச் செய்யாததில்தான் அவருடைய நேர்மை இருக்கிறது.

அதே கட்டுரையில், பண்டரிக்கு யாத்திரை போகும் ஜனங்களின் பூமி எதுவோ அதுவே மகாராஷ்டிரம் என்று அவர் ஒரு விளக்கமும் தருகிறார். அழகான விளக்கம். எனக்கு அது கொஞ்சம் அதிக அழகாகப் படுகிறது. போகிறவர்கள் எல்லாரும் உள்ளே நுழைய முடிந்ததா என்பதையும் கேட்க வேண்டுமல்லவா?

கோயிலில் நாமதேவர் படி என்று ஒரு படி உண்டு. உள்ளே போகிறவர்களின் பாததூளி தன்மேல் படவேண்டும் என்று நாமதேவர் விரும்பிய இடம் என்பார்கள். அதற்கு எதிரில், வாசலுக்கு வெளியே, சோகாமேளரின் சமாதி. மஹார் குலத்தவர். மங்கள்வேடாவில் சுவர் எழுப்பும் வேலையில் அது இடிந்து விழுந்து இறந்தார் என்றும், எந்த எலும்பில் விட்டல நாமம் கேட்டதோ அதை அவருடையதென்று அடையாளம் கண்டு நாமதேவர் இங்கே அடக்கம் செய்தார் என்றும் ஐதிகம். எலும்பில் நாமம் ஒலித்தது அற்புதம். அந்த எலும்பும் வாசலுக்கு வெளியிலேயே நின்றுவிட்டது என்பது சரித்திரம். அவருடைய ஜனங்களுக்குக் கதவு திறந்தது 1947-ல். அதற்காகப் பட்டினி கிடந்தவர் ஸானே குருஜி. ‘சியாமின் தாய்’ கதையை எழுதிய அதே எழுத்தாளர். அறுநூறு ஆண்டுகளுக்கு மேல் பாட்டுக்குத் திறக்காத கதவு, ஒரு மனிதர் சாகத் துணிந்தபோது திறந்தது.

ஆகவே பண்டரிபுரம் போகத் திட்டமிடுகிறவர்கள் ரயிலையும் விடுதியையும் முன்கூட்டிப் பதிவு செய்துகொள்ளட்டும். முடிந்தவர்கள் ஒரு திண்டியில் சேர்ந்து இரண்டு நாளாவது நடக்கட்டும். பக்த விஜயத்தையும் எடுத்துச் செல்லட்டும். ஆனால் உள்ளே போகுமுன் சோகாமேளர் எதிரில் சற்று நில்லுங்கள். ஊர் திரும்பி, கூட நடந்தவர்கள் ஒரு நாள் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டினால் எந்த அறையில் உட்காரவைப்பீர்கள், எந்தத் தட்டில் சோறு போடுவீர்கள் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். யாத்திரைப் புத்தகங்கள் எதிலும் அச்சிடாத விவரம் அது ஒன்றுதான்.