நன்னூற் பொதுப்பாயிரமும் விசேட கல்வி ஆசிரியரும்

ஆசிரியத் தொழிலின் இலக்கணத்தை வகுத்துரைக்கும் தமிழ் நூல்களுள் பவணந்தி முனிவரின் நன்னூலே பெருவழக்குப் பெற்றது. கி.பி. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் சீயகங்கன் வேண்டுகோட்கிணங்க எழுந்த இந்நூலின் பொதுப்பாயிரம், நூல், ஆசிரியன், கற்பிக்கும் முறை, மாணாக்கன், கற்கும் முறை என்னும் ஐந்தனையும் முறைப்படக் கூறுகின்றது. ஆறுமுக நாவலரின் (1822 – 1879) காண்டிகையுரையால் இது ஈழத்துப் பள்ளிகளிலும் நிலைபெற்றது. எழுத்தும் சொல்லும் மறந்தாரும் பாயிரத்தின் உவமைகளை மறந்திலர். ஆதலின், விசேட தேவையுடைய மாணவர்க்குக் கற்பிக்க ஆசிரியரை ஆயத்தஞ் செய்தல் பற்றி எண்ணுவோர் இப்பாயிரத்தை மீள நோக்குதல் தகும். அதன்கண் கொள்ளத்தக்கனவும் உள, தள்ளத்தக்கனவும் உள.

பாயிரம் மாணாக்கரைத் தலை, இடை, கடை என மூவகைப்படுத்தும். அன்னமும் ஆவும் தலைமாணாக்கர்க்கு உவமை. மண்ணும் கிளியும் இடைமாணாக்கர்க்கு உவமை. இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என்பன கடைமாணாக்கர்க்கு உவமை. ஓட்டைக் குடத்தில் நீர் தங்காதவாறு போலக் கேட்டது தங்காதவன் ஒருவன். ஒரு செடியில் நில்லாது செடிதோறும் மேயும் ஆடு போல்வான் ஒருவன். குளத்து நீரைக் கலக்கி அருந்தும் எருமை போல்வான் ஒருவன். நெய்யை ஒழுகவிட்டுக் கசடைப் பற்றிக்கொள்ளும் அரிப்பைப் போல்வான் ஒருவன்.

இவ்வுவமைகள் கூரியவை. மாணாக்கரை நேரிற் கண்டு பழகினாரன்றிப் பிறர் இவற்றைப் படைத்தல் அரிது. எனினும் இவை கண்டது விளைவை, காரணத்தையன்று. கடைசி வரிசையில் இருத்தப்பட்ட செவிப்புலன் குன்றிய பிள்ளைக்கு ஆசிரியரின் சொல் அரைகுறையாகவே சென்று சேரும். அவன் விடை தவறியபோது, ஆசிரியர் காண்பது இல்லிக்குடத்தையே. கவனத்தை ஓரிடத்து நிறுத்த இயலாமை ஒரு பிள்ளைக்கு இயல்பாகவே அமைந்திருப்பின், அவனை ஆடு என்றழைத்தல் நோயின் பெயரையே மருந்தாகக் கொடுப்பதை ஒக்கும். உவமை ஆசிரியரின் ஆராய்ச்சிக்குத் தொடக்கமாக வேண்டும். அது முடிவாகிவிடின், அதற்குமேற் செய்யத்தக்கது யாதுமில்லை என்னும் எண்ணமே எஞ்சும்.

இதனினும் கருதத்தக்கது, கற்பிக்கத்தகாதாரைப் பாயிரம் நிரல்படுத்தும் பகுதியாகும். பிணியுற்றோனும் மந்தனும் அங்கே கள்வனோடும் வஞ்சகனோடும் ஒருங்கு வைக்கப்பட்டுள்ளனர். உடலாலும் அறிவாலும் வந்த குறையும், ஒழுக்கத்தால் வந்த குற்றமும் ஒரே நிரலிற் சேர்ந்தமை பெரிதும் வருந்தத்தக்கது. மறுபுறம், கற்பிக்கத்தக்கார் யாவரெனின் தன் மகன், ஆசான் மகன், அரசன் மகன், பொருள் மிகக் கொடுப்போன், வழிபடுவோன், உரைத்ததை விரைந்து கொள்வோன் என்பர்.

இங்ஙனங் கூறியமை கொண்டு பவணந்தியாரைப் பழித்தல் நேரிதன்று. நாட்டின் பிள்ளைகள் அனைவரையும் ஒரு பள்ளியிற் சேர்க்கும் நோக்கம் அக்காலத்து எந்நாட்டிலும் இருந்ததன்று. ஆசிரியர் தம் மாணாக்கரைத் தாமே தேர்ந்துகொண்ட காலம் அது. இலங்கையிலோ 1945இல் இலவசக் கல்வி வந்தது. 1997இல் ஆக்கப்பட்ட ஒழுங்குவிதிகள் 5 முதல் 14 வயது வரை பாடசாலை வரவைக் கட்டாயமாக்கின; 2016இல் அவ்வெல்லை 16 வயதாக உயர்ந்தது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைக் காக்கும் சட்டம் 1996இல் நிறைவேறியது. அவர்தம் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்றுறுதி செய்தது. ஆகவே தேர்ந்துகொள்ளும் உரிமை ஆசிரியர்க்கு இன்றில்லை. சட்டம் திறந்த கதவைப் பழைய உவமைகளைக் காட்டி மனத்தினுள் அடைத்துக்கொள்வாராயின், அது நூலின் பிழையன்று; நூலைக் கையாள்வோர் பிழையே.

கற்பிட்டி முதற் சிலாபம் வரை நீளும் புத்தளம் மாவட்டக் கரையோரத்தில் இப்பிழையின் பயன் தெளிவாகப் புலப்படும். செவிப்புலனும் கட்புலனும் குன்றிய பிள்ளைகளுக்கென இரத்மலானையில் 1912இல் ஒரு பாடசாலை தோன்றியது. கைதடியில் நவீல்ட் பாடசாலை உண்டு. இவை பெரும்பணி ஆற்றியன. ஆயினும் புத்தளம் நகரிலிருந்து கொழும்பே ஏறத்தாழ 130 கிலோமீற்றர். கைதடியோ யாழ்ப்பாணக் குடாநாட்டில் உள்ளது. உடப்பிலோ கற்பிட்டியிலோ பிறந்த பிள்ளை இளவயதிலேயே பெற்றோரைப் பிரிந்து செல்லல் வேண்டும்; அன்றேல் ஊர்ப்பாடசாலை ஆசிரியரையே நம்பியிருத்தல் வேண்டும். மேலும், பருவந்தோறும் கிழக்குக் கரைக்குத் தொழில் நாடிச் செல்லும் மீனவர் இக்கரையில் உளர். அவர்தம் பிள்ளை சில கிழமை பள்ளிக்கு வாராதொழிந்து பாடத்திற் பின்தங்குவதும், புலன்குறையாற் பின்தங்குவதும் வெளித்தோற்றத்தில் ஒன்றே. முன்னதற்கு விடுபட்ட பாடமே மருந்து. பின்னதற்கு அதே பாடத்தை நூறுமுறை ஓதினும் பயனில்லை. இவ்விரண்டையும் வேறுபிரித்தறியும் கண்ணே ஆசிரியப் பயிற்சியின் முதற்பேறாதல் வேண்டும்.

அக்கண்ணைத் தரும் நெறியும் அப்பாயிரத்திலேயே உண்டு என்பது வியக்கத்தக்கது. கற்பிக்கும் முறை கூறுமிடத்து, இடமும் காலமும் நோக்கி, முகமலர்ந்து, கொள்வோன் எவ்வகையாற் கொள்வான் என்பதை அறிந்து, அவன் உள்ளம் ஏற்குமாறு கற்பிக்க என்கிறது நூல். விசேட கல்வியின் சாரம் இதுவே. பார்வையற்றவன் விரலாற் கொள்வான்; செவிகேளாதவன் கண்ணாற் கொள்வான்; எழுத்திற் குழம்புபவன் வாய்மொழியாற் கொள்வான். கொள்ளும் வகை வேறாயின் கொடுக்கும் வகையும் வேறாதல் முறை.

கற்கும் முறை கூறுமிடத்து மற்றோர் அரிய கருத்தும் உண்டு. ஆசிரியர் உரைத்ததை நன்கு கேட்டாலும் மாணாக்கன் பெறுவது காற்பங்கே. உடன்கற்பாரோடு பயில்வதால் ஒரு காற்பங்கும், பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கும் வரும். இக்கணக்கு மெய்யாயின், விசேட தேவையுடைய பிள்ளையை ஒரு மூலையில் தனித்திருக்கச் செய்வது கல்வியின் முக்காற்பங்கை அவனிடமிருந்து பறிப்பதாகும். 1994இல் சலமங்காப் பிரகடனம் வற்புறுத்திய உட்படுத்தற் கல்விக்கு இதனினும் வலிய சான்று வேண்டுவதில்லை.

மாணாக்கரை மட்டுமே பாயிரம் குறைகூறிற்று என்பதும் தவறு. கழற்பெய்குடம், மடற்பனை, பருத்திக்குண்டிகை, முடத்தெங்கு என ஆசிரியராகாதார்க்கும் நான்கு உவமைகளைத் தருகின்றது. தென்னையும் பனையும் செறிந்த இக்கரையோர் இவற்றை நன்கறிவர். தன்னை அணுகவிடாது, தானே வீழ்ந்த பழத்தை மட்டும் தரும் மடற்பனை போன்றவர், கேட்கத் தெரியாத பிள்ளைக்கு எதனையும் தாரார். ஒருவர் நீர்வார்க்க மற்றொருவர்க்குக் காய்தரும் முடத்தெங்கு போன்றவர், தம்மை நம்பிய பிள்ளையை விடுத்துப் பரீட்சையில் வெல்லும் பிள்ளைக்கே உழைப்பர். இரு பட்டியலையும் ஒருங்குவைத்துப் படிப்பார்க்கு, கடைமாணாக்கன் எனப்பட்டான் பலகால் ஆசிரியராகாதார் முன்னிருந்த மாணாக்கனே என்பது விளங்கும்.

கெலன் கெல்லரின் வரலாறு இதற்குச் சான்று. 19 மாதக் குழந்தையாயிருந்தபோதே கண்ணையும் செவியையும் இழந்த அச்சிறுமியை இல்லிக்குடமென்று எவரும் கூறியிருப்பர். 1887இல் அவளிடஞ் சென்ற ஆன் சலிவன், தாமும் பார்வை குன்றியவர். பொஸ்ரன் பேர்க்கின்ஸ் பள்ளியிற் பயின்றவர். புறப்படுமுன், அவ்வாறே கண்ணும் செவியும் இழந்த லோறா பிரிட்ஜ்மனுக்குக் கற்பித்த குறிப்புக்களை அவர் பல மாதம் ஆழ்ந்து படித்தார். நீரிறைக்கும் குழாயடியில் ஒரு கையில் நீர் விழ, மறுகையில் எழுத்துக்கள் எழுதப்பட்டபோது, சொல்லின் பொருள் அச்சிறுமிக்கு விளங்கிற்று. அன்பு மட்டும் அதனைச் செய்யவில்லை. ஆயத்தமும் சேர்ந்தே செய்தது.

எனவே, இரக்கத்தைப் போதித்து ஓரிரு நாளில் முடிவது பயிற்சியாகாது. பிள்ளையை நாள்தோறும் கவனித்துக் குறித்தல், பார்வையும் செவியும் ஐயுற்றவிடத்து மருத்துவரிடம் அனுப்புதல், பிறெயில், சைகைமொழி ஆகியவற்றின் அடிப்படை அறிதல், இருக்கையையும் பாடத்தையும் மாற்றியமைத்தல், பெற்றோரோடு கலந்து பேசுதல் என்பன விசேட ஆசிரியர்க்கு மட்டுமன்றி எல்லா ஆசிரியர்க்கும் உரியவை. அவை மேற்பார்வையுடன், மெய்யான வகுப்பறையிற் பயிலப்படல் வேண்டும். மாணாக்கரின் தரவரிசையை நன்னூலிலேயே விட்டு, கொள்வோன் கொள்ளும் வகையறிதல் என்னும் நெறியை வகுப்பறைக்கு எடுத்துச் செல்வதே பவணந்தியார்க்குச் செய்யும் உண்மையான மரியாதை. குடத்தில் ஓட்டை இருப்பின் அதனைக் கண்டு அடைப்பதும், அடைக்க இயலாதாயின் வேறு கலத்தில் நீர்மொள்ளக் கற்பிப்பதும் ஆசிரியர் கடனாகும்.