பிசிடி வாங்கும் முன் முதுகை அளந்துகொள்ளுங்கள்

மதுரையில் கடல் இல்லை. தொண்டிக்கோ தூத்துக்குடிக்கோ போய் அலையைப் பார்க்கவே இரண்டு, மூன்று மணி நேரம் ஆகும். ஆனாலும் புதுச்சேரியிலும் அந்தமானின் ஹேவ்லாக்கிலும் கர்நாடகத்தின் நேத்ராணித் தீவிலும் ஸ்கூபா கற்றுக்கொண்டு ஊர் திரும்பும் மதுரைக்காரர்களை இப்போது அடிக்கடி சந்திக்கிறேன். சான்றிதழ் கைக்கு வந்ததும் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: “சொந்தமா என்ன வாங்கலாம், எந்த கம்பெனி நல்லது?” மாஸ்க்கும் ஃபின்ஸும் வாங்கியாகிவிட்டதென்றால் அடுத்தது, மிதவையைக் கட்டுப்படுத்தும் கருவியான பிசிடி என்பேன். எந்த கம்பெனி என்றால், உங்கள் உடம்போடு ஒட்டி நிற்பது எதுவோ அதுதான். மூன்று வகை பிசிடிகளை மாட்டி, வீட்டிலும் குளத்திலும் கடலிலும் சோதித்துப் பார்த்ததில் எனக்கு உறுதியானது இதுதான்: விலையையும் வசதிகளையும் விட அளவுப் பொருத்தமே முங்குவதன் தரத்தைத் தீர்மானிக்கிறது.

பிசிடி செய்யும் வேலை

முதுகில் டேங்கைத் தாங்கிப் பிடிப்பது ஒரு வேலை. தன் காற்றுப்பையில் காற்றை ஏற்றி இறக்கி நம்மை மிதக்கவும், அமிழவும், நடுத்தண்ணீரில் அசையாமல் நிற்கவும் வைப்பது இன்னொரு வேலை. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவர்கள் இறங்குவதற்குக் கல்லையும், ஏறுவதற்குப் படகிலிருந்து ஆள் இழுக்கும் கயிற்றையும் நம்பினார்கள். நடுவில் நிற்பதற்கு வழியில்லை. தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். அதே ஆண்டில்தான் பிரான்சின் மொரீஸ் ஃபென்ஸி, கழுத்தில் மாட்டிக்கொள்ளும் மிதவைப்பைக்குக் காப்புரிமை பெற்றார். பத்து ஆண்டு கழித்து, 1971-இல், ஸ்கூபாப்ரோ நிறுவனம் கைகளை நுழைத்துப் போடும் ஜாக்கெட் வடிவத்தைக் கொண்டுவந்தது. இன்று பயிற்சி மையங்களில் வாடகைக்குக் கிடைப்பதில் பெரும்பாலானவை அதன் வாரிசுகள்.

பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பில் இருப்பதைப்போல இரண்டு மடங்காகிவிடும். பையில் இருக்கும் காற்றின் கனஅளவு பாதியாகச் சுருங்கும். நாம் போட்டிருக்கும் வெட்சூட்டும் நசுங்கி மிதவையை இழக்கும். அதை ஈடுகட்டக் கொஞ்சம் காற்று ஏற்றுகிறோம். மேலே வரும்போது அதே காற்று விரிவதால் அவ்வப்போது திறந்துவிடுகிறோம். இதற்கிடையே நாம் மூச்சிழுக்க இழுக்க டேங்கின் எடையும் குறைகிறது. வழக்கமான 80 கனஅடி அலுமினிய டேங்கில் அடைத்திருக்கும் காற்றின் எடை மட்டுமே இரண்டரை கிலோவுக்கு மேல். டைவ் முழுக்க மாறிக்கொண்டே இருக்கும் இந்தக் கணக்கைச் சரிசெய்கிற கருவி உடம்பில் அசையாமல் இருந்தால்தான் கணக்கு கைவசப்படும்.

எங்கள் பக்கத்துக் கிணறுகளில் நீச்சல் பழகும் பிள்ளைக்கு முதுகில் சுரைக்குடுக்கை கட்டிவிடுவார்கள். கயிறு இறுக்கமாக இருந்தால் பிள்ளை நிமிர்ந்து மிதக்கும். கட்டு தளர்ந்து குடுக்கை இடுப்புக்கு நழுவினால் தலை தண்ணீருக்குள் போய்விடும். பிசிடியிலும் அதேதான். தொளதொளவென்று இருந்தால் காற்றேறிய பை மட்டும் காதுவரை ஏற, உடம்பு கீழே தொங்கும். டேங்க் ஒரு பக்கமாக உருண்டு நம்மையும் சாய்க்கும். கால் தாழும். தாழ்ந்த ஃபின்ஸ் மணலைக் கிளறும், பவளத்தை உடைக்கும்.

மூன்று வகைகள், என் அனுபவத்தில்

*ஜாக்கெட்:* காற்றுப்பை முதுகிலும் விலாவிலும் சுற்றிவரும். மேற்பரப்பில் படகுக்குக் காத்திருக்கும்போது இதைப்போலச் சுகம் வேறில்லை. நேராக நிறுத்தி, முகத்தைத் தண்ணீருக்கு மேலே வைக்கும். பொருள் வைக்கும் பைகள் பெரியவை, கற்றுக்கொண்ட வகை என்பதால் கை தானாகவே பட்டன்களுக்குப் போகும். குறை என்னவென்றால், முழுக்க ஊதினால் விலாவை நெருக்கும். சைஸ் சற்றே தவறினாலும் இந்த வகையில்தான் அதிகம் உறுத்தும், ஏனென்றால் துணி வெட்டே அளவைத் தீர்மானித்துவிடுகிறது. பட்டையை இழுத்துச் சரிசெய்ய இடம் கொஞ்சம்தான்.

*முதுகுப்பக்கம் மட்டும் ஊதும் வகை:* மார்பும் விலாவும் திறந்தே இருக்கும். தண்ணீருக்குள் படுக்கைவாட்டில் நிற்பது இதில் தானாக அமைகிறது. மூச்சு தாராளமாக வருகிறது. மேற்பரப்பில் மட்டும், அதிகமாக ஊதிவிட்டால் முகம் குப்புறத் தள்ளப்படும். காற்றைப் பாதியாகக் குறைத்து, சற்றே மல்லாக்கச் சாய்ந்துகொண்டால் அது தீர்ந்துவிடுகிறது. எடைக்கட்டிகளில் சிலவற்றை டேங்க் பட்டைப் பக்கம் மாற்றுவதும் உதவும்.

*தகடும் விங்கும்:* உலோகத் தகடு ஒன்று, அதில் கோத்த நீளமான நைலான் பட்டை, டேங்குக்கும் தகட்டுக்கும் நடுவில் விங் எனும் காற்றுப்பை. அவ்வளவுதான். பட்டையை நம் தோளுக்கும் இடுப்புக்கும் ஏற்ப வெட்டி, கோத்துக்கொள்கிறோம். அதனால் ஒல்லியானவர், பருமனானவர், குட்டையானவர் எல்லோருக்கும் ஒரே தகடு பொருந்தும். அலுமினியத் தகடு ஏறத்தாழ ஒரு கிலோ. எஃகுத் தகடு இரண்டரை முதல் மூன்று கிலோ, அந்த அளவுக்கு இடுப்பில் ஈயம் குறைத்துக்கொள்ளலாம். முதல் முறை பட்டையைச் சரிக்கட்ட ஒரு மாலைப்பொழுது முழுக்கப் போகும், கூட ஒரு விவரம் தெரிந்தவரும் வேண்டும். ஒருமுறை அமைந்துவிட்டால் அதைவிட ஒட்டி நிற்பது வேறெதுவும் இல்லை.

வீட்டிலேயே செய்யும் சோதனை

சைஸ் அட்டவணையில் உயரம், எடை, மார்பளவு இருக்கும். அவை போதாது. ஒரே உயரமுள்ள இருவரில் ஒருவருக்குக் கால் நீளம், இன்னொருவருக்கு முதுகு நீளம். பிசிடி உட்காருவது முதுகில். தலையைக் குனிந்தால் கழுத்தின் பின்னால் புடைக்கும் எலும்பிலிருந்து, இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கு நேர்க்கோடுவரை இன்ச் டேப் வைத்து அளக்கச் சொல்லுங்கள். அந்த அளவைவிடப் பிசிடியின் முதுகு நீளமாக இருந்தால் இடுப்புப் பட்டை தொடைமேல் இறங்கி, வெயிட் பெல்ட்டோடு மோதும். இது ஐரோப்பிய அட்டவணையை நம்பி வாங்கும் நம்மூர்ப் பெண்களுக்கு அடிக்கடி நடக்கிறது. வாடகை அலமாரியில் ஆண்களுக்கான மீடியம்தான் கிடைக்கும் என்பதால் அதுவே தன் அளவு என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். முதுகு குட்டையாகவும், தோள்பட்டை மார்பைச் சுற்றி வளைந்தும் தைத்த பெண்கள் மாடல்கள் தனியாகவே வருகின்றன. அவற்றைப் போட்டுப் பாருங்கள்.

அளவு தெரிந்ததும், கடலில் எதைப் போடுவீர்களோ அதையே போட்டுக்கொண்டு மாட்டுங்கள். நம் கடலில் தண்ணீர் பெரும்பாலும் வெதுவெதுப்பானது. மூன்று மில்லிமீட்டர் வெட்சூட்டோ வெறும் ராஷ்கார்டோதான் போடுவோம். டி-ஷர்ட்மேல் இறுக்கமாகத் தெரிந்தது அதற்குமேல் எப்படி இருக்கிறதென்று பார்க்க வேண்டும். பிறகு இந்த வரிசை:

ஒன்று, பட்டைகள் எல்லாவற்றையும் தளர்த்தி மாட்டி, முதலில் வயிற்றுப் பட்டை, அடுத்து மார்புக் கொக்கி, கடைசியில் தோள்பட்டை என்று இறுக்குங்கள். தோள்பட்டை அதன் நீளத்தின் நடுவில் எங்கோ நிற்க வேண்டும். கடைசிவரை இழுத்தும் தொளதொளத்தால் சைஸ் பெரியது. இழுக்கவே தேவைப்படாவிட்டால் சிறியது.

இரண்டு, மிகையழுத்த வால்வு ‘புஸ்’ஸென்று காற்றை வெளிவிடும்வரை முழுக்க ஊதுங்கள். அந்த நிலையில் ஆழ்ந்து மூச்சிழுங்கள். விலா தடுக்கப்பட்டால் அந்தப் பிசிடியை வைத்துவிட்டு வாருங்கள். கடலில் சோர்ந்து, படபடப்போடு மேற்பரப்புக்கு வந்து முழுக்க ஊதும் நேரத்தில்தான் உங்களுக்கு மூச்சு மிக அதிகமாகத் தேவைப்படும்.

மூன்று, ஒருவரை முன்னால் நிறுத்தி, தோள்பட்டைகள் இரண்டையும் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். பிசிடியோடு நீங்களும் எழ வேண்டும். அது மட்டும் தாடையை நோக்கி வந்தால் பொருத்தம் இல்லை. கால்களுக்கு இடையே போகும் பட்டை வைத்த மாடல் இந்தக் கோளாறை ஓரளவு தடுக்கும். சைஸே தவறாக இருந்தால் அதுவும் காப்பாற்றாது.

நான்கு, கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தொடுங்கள். இடது தோளிலிருந்து வரும், காற்றை ஏற்றி இறக்கும் இன்ஃப்ளேட்டரின் இரு பட்டன்கள், வலது தோளின் காற்றுத் திறப்பு, பின்னிடுப்பின் திறப்பு, எடைப்பைகளின் கைப்பிடி. துழாவ வேண்டியிருந்தால் அது உங்களுக்கான கருவி இல்லை.

ஐந்து, டேங்க் மாட்டி, நிமிர்ந்து மேலே பாருங்கள். வால்வு பின்மண்டையில் இடித்தால் டேங்கைச் சற்று இறக்கிக் கட்டுங்கள். இறக்கியும் இடித்தால் முதுகு நீளம் ஒத்துவரவில்லை என்று பொருள்.

டேங்க் பட்டையை நனைக்காமல் இறுக்காதீர்கள். காய்ந்த நைலான் தண்ணீர் பட்டதும் நெகிழும். கரையில் கல்லாக நின்ற டேங்க் ஐந்து நிமிடத்தில் நழுவத் தொடங்கும். பட்டையை நன்றாக நனைத்து, கொக்கியை அழுத்திப் பூட்டி, பிசிடியின் மேல்கைப்பிடியைப் பிடித்து ஒரு வெட்டு வெட்டித் தூக்கிப் பாருங்கள். டேங்க் இம்மியும் இறங்கக் கூடாது.

பிசிடி கொஞ்சம் பெரிதாக இருந்தால், மதுரைப் புதுமண்டபத்தில் பல தலைமுறை தைத்த தையற்காரர்களின் கைகள் இன்று குன்னத்தூர் சத்திரத்தில் இருக்கின்றனவே, கொடுத்துப் பிடித்துக்கொள்ளலாமே என்று தோன்றும். வேண்டாம். வெளித்துணிக்கு உள்ளேதான் காற்றுப்பை. ஊசி ஒரே ஒரு இடத்தில் பட்டாலும் போச்சு. அளவு மாற்ற முடியாத பொருள் என்று நினைத்தே வாங்குங்கள்.

குளத்திலிருந்து கடலுக்கு

கடலில்லாத ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. குளத்தில் சரிபார்த்த எடை கடலில் பொய்க்கும். கடல்நீர் நன்னீரைவிட ஏறத்தாழ இரண்டரை சதவீதம் அடர்த்தி கூடியது. கருவிகளோடு சேர்த்து 90 கிலோ இருப்பவருக்குக் கடலில் இரண்டு கிலோவுக்கு மேல் ஈயம் கூடுதலாகத் தேவைப்படும். டைவ் முடியும் நிலையில், டேங்கில் 50 பார் அழுத்தம் இருக்கும்போது, பிசிடியைக் காலிசெய்து சாதாரணமாக மூச்சை இழுத்துப் பிடியுங்கள். தண்ணீர்மட்டம் கண்ணுக்கு நேராக நின்றால் எடை சரி. மூச்சை விட்டதும் மெல்ல அமிழ வேண்டும். தேவைக்கு மேல் ஈயம் கட்டினால் அதை ஈடுகட்டப் பையில் கூடுதல் காற்று ஏற்றுவீர்கள். ஆழம் மாறும்போதெல்லாம் அந்தக் காற்று சுருங்கி விரிந்து உங்களை ஏற்றி இறக்கும்.

இதனால்தான் அதிக மிதவைத் திறன் என்ற விளம்பரத்துக்கு மயங்கத் தேவையில்லை. மெல்லிய வெட்சூட்டோடு ஒற்றை அலுமினிய டேங்கில் முங்குபவருக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோ தூக்கும் பை தாராளம். அதற்கு மேலிருப்பது தண்ணீரில் இழுவையையும் பெட்டியில் எடையையும்தான் கூட்டும். மதுரையிலிருந்து சென்னை வழியாகப் போர்ட் பிளேர் போகிறவருக்கு உள்நாட்டு விமானத்தில் பொதுவாகக் கிடைப்பது 15 கிலோ லக்கேஜ். நான்கு கிலோ ஜாக்கெட்டுக்கும் இரண்டரை கிலோ பயண மாடலுக்கும் உள்ள வித்தியாசம் அங்கே தெரியும்.

வீட்டுக்கு வந்தபின்

மேலே அலசினால் மட்டும் போதாது. ஊதுகுழாய் வழியே உள்ளேயும் தண்ணீர் விட்டு, குலுக்கி, தலைகீழாகப் பிடித்து வடிக்க வேண்டும். போர்வெல் உப்புத்தண்ணீரில் அலசாதீர்கள். வால்வுகளில் வெள்ளையாகப் படிந்துவிடும். கடைசி அலசலுக்காவது நல்லதண்ணீர் வேண்டும். மொட்டைமாடி வெயிலில் காயப்போடுவதும் கூடாது. நம் ஊர் வெயில் நைலானைச் சாயம்போக்கி நொய்யவைத்துவிடும். பாதி ஊதி, நிழலில் தொங்கவிடுங்கள். அடுத்த பயணத்துக்கு முன் முந்தைய இரவே முழுக்க ஊதி வைத்து, காலையில் இறுக்கம் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது.

என் தீர்ப்பு

ஆண்டுக்கு ஒரு விடுமுறையில் மட்டும் முங்குபவர் இப்போதைக்கு வாங்க வேண்டாம். தன் முதுகளவைக் குறித்து வைத்துக்கொண்டு, பயிற்சி மையத்தில் சரியான சைஸைக் கேட்டு வாங்கி மாட்டட்டும். அங்கே முதலில் நீட்டியதையே மாட்டிக்கொண்டு படகேற வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. புதிதாகத் தொடங்கி அடிக்கடி போகப்போகிறவருக்கு, மேலே சொன்ன ஐந்து சோதனையிலும் தேறும் எளிய ஜாக்கெட் போதும். பவளப்பாறைகளில் நிதானமாக நீந்த, படம் எடுக்க விரும்புகிறவருக்கு முதுகுப்பக்கம் ஊதும் வகை. எந்த ரெடிமேட் சைஸும் ஒத்துவராதவருக்கும், நீண்ட காலம் முங்கப்போகிறவருக்கும் தகடும் விங்கும்.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள கடல் 1986 முதல் தேசியப் பூங்கா. அங்குள்ள பவளங்கள் 2010-லும் 2016-லும் சூடேறிய தண்ணீரில் வெளுத்துத் துன்பப்பட்டவை. அப்படிப்பட்ட கடல்களுக்குள் விருந்தாளியாகப் போகிற நாம், அங்கே எதையும் மிதிக்காமல் திரும்பும் திறமையோடு போக வேண்டும். அந்தத் திறமை பயிற்சியால் வருவது, பயிற்சிக்கு ஒத்துழைப்பது உடம்பில் ஒட்டி நிற்கும் பிசிடி. அதனால் கடையில் விலைச்சீட்டைப் பார்க்கும் முன் வால்வு புஸ்ஸென்று சொல்லும்வரை ஊதி, ஆழ்ந்து மூச்சிழுத்துப் பாருங்கள். மூச்சு தடையின்றி வந்தால் மட்டும் பணத்தை எடுங்கள்.